நல்லபடியாக முடிந்த வருஷம்

என் தம்பி தேவானந்தம் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியில்லை, புகையில்லை, சீட்டாட்டம் இல்லை. ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஜெபக்கூட்டம். அப்படிப்பட்டவன் கையில் அகப்பட்டுக்கொண்டு ஒருத்தி மூச்சுத் திணறினாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்காவது தெருவில் நாலு பேர் பரிந்து பேசுவார்கள். நல்லவனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அதுவும் கிடையாது. என் தம்பியின் மனைவி மெட்டில்டாவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மெட்டில்டா பல்லாவரத்துப் பெண். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் மேஸ்திரி. அந்த வாடை ஒட்டாத உத்தியோகம் மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் படிக்க வைத்தார். பி.எஸ்ஸி., பி.எட். முடித்து ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும், இரண்டு பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், அந்த வேலையை அவள் விடவில்லை. ஒருமுறை ஏதோ அவசரமாக அவளைப் பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வகுப்பு நிறையப் பெண்கள். மேஜைமேல் ஒரு வாளித் தண்ணீர், கையில் ஒரு ஆரஞ்சுப்பழம். அது ஏன் மிதக்கிறது, தோலை உரித்துப் போட்டால் ஏன் முழுகுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல். நடுநடுவே கிண்டல் வேறு. வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற நம் மெட்டில்டாவா இது என்று நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வந்த காரியம்கூட மறந்துபோயிற்று.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பெயர் ரத்தினபாய். தேவானந்தத்துக்கு அக்கா. டெலிபோன்ஸில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரோம்பேட்டையில் தனி வீடு, என் சமையல், என் சாவி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயிலேறி மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து, அவர்களோடு ஜெபக்கூட்டத்துக்குப் போய், மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுத் திரும்புவேன். ஜெபக்கூட்டம் நடப்பது ரயில்வே கேட்டைத் தாண்டி, சேலையூர்ப் பக்கம், மூப்பர் ஞானையாவின் வீட்டு ஹாலில். ஞானையா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சபைக்கு அவர்தான் எல்லாம். நான் விசுவாசத்தோடு போனேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். போகாவிட்டால் தம்பி எனக்காக உபவாசம் இருப்பான். அதைவிடப் போவதே சுலபம்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஏப்ரலில் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று அந்தச் சபைக்கு வந்தது. அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். ஒருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அந்த அம்மாள் படம் காட்டிப் பேசினாள். படத்தில் பிள்ளைகள் ஐவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே பனி. தேவானந்தம் முதல் வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தான்.

"பிள்ளைங்கள உலகத்தோட கையில குடுக்கக் கூடாதுக்கா."

"நீயும் நானும் அந்த உலகத்துப் பள்ளிக்கூடத்துலதானடா படிச்சோம்? கெட்டா போயிட்டோம்?"

"நாம தப்பிச்சது கிருபை."

எதைக் கேட்டாலும் கிருபை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவான். அதற்கு மேல் யார் என்ன பேசுவது? "சரி, யாரு பாடம் எடுக்கிறது? நீயா?" என்று கேட்டேன். அவன் மெட்டில்டாவைப் பார்த்துச் சிரித்தான். பெருமையான சிரிப்பு. "டீச்சர வீட்டுலயே வச்சுக்கிட்டு வெளியில தேடுவாங்களா?" என்றான். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

சமையலறையில் தனியாகக் கேட்டேன். "ஒரு வருஷம்தான்னு சொல்றார் அண்ணி. ஒரு வருஷம் நல்லபடியா முடிச்சுக் காட்டிட்டா, அப்புறம் நான் வேலைக்குத் திரும்பிடலாம்னு வாக்குக் குடுத்திருக்கார்" என்றாள். அந்த வாக்கை நம்பி, பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷத்துக்குச் சம்பளமில்லாத லீவு எழுதிக்கொடுத்தாள். பியூலாவுக்குப் பதினொரு வயது, ஜெபராஜுக்கு ஒன்பது. இரண்டு பேருக்கும் டி.சி. வாங்கியாகிவிட்டது. ஜூன் மாதம் தெருவில் மற்றப் பிள்ளைகள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஓடின. இந்த வீட்டில் முன்னறை வகுப்பறையாயிற்று.

முதலில் கஷ்டம் பாடத்தில் வரவில்லை, ஜன்னலில் வந்தது. பள்ளி நேரத்தில் இரண்டு பிள்ளைகள் வீட்டில் இருப்பதைப் பார்த்தால் தெரு சும்மா இருக்குமா? முதல் வாரமே எதிர்வீட்டு ரமா வந்து, பிள்ளைகளுக்கு ஏதாவது உடம்பா என்று விசாரித்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர், பீஸ் கட்ட உதவி ஏதாவது வேண்டுமா என்று தேவானந்தத்தையே ரயிலில் கேட்டுவிட்டார். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. விசுவாசத்துக்காகச் செய்வதை வறுமை என்று நினைத்துவிட்டார்களே! அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. பள்ளி விடுகிற நேரம் வரைக்கும் தெருப்பக்கத்து ஜன்னல் திறக்கக் கூடாது, வாசல் கதவு திறக்கக் கூடாது, பிள்ளைகள் வெளியே தலைகாட்டக் கூடாது. பிள்ளைகள் வெளியே போகக் கூடாதென்றால் மெட்டில்டா எங்கே போவாள்?

வெளியே பூட்டுப் போடவில்லை. அதுதான் விசேஷம். தாழ்ப்பாள் உள்ளேதான் இருந்தது, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

காய்கறி வண்டி செல்லம்மா ஒரு நாள் பொறுத்துப் பார்த்தாள், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கதவைத் தட்டியே விட்டாள். அன்று எனக்கு விடுமுறை, நான் அங்கே இருந்தேன். "இன்னா டீச்சரம்மா, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு கீற? வூட்ல எதுனா பேஜாரா? சொல்லு, நம்ம ஆளுங்க கீறாங்க" என்று வெளியிலிருந்து கத்தினாள். மெட்டில்டா கதவை ஒரு சாண் திறந்து, "ஒண்ணுமில்ல செல்லம்மா, தலைவலி" என்றாள். "தெனமும் தலவலியா? டாக்டராண்ட போம்மா" என்று செல்லம்மா அரைக் கிலோ கத்திரிக்காயை நீட்டினாள். சயின்ஸ் டீச்சர் கத்திரிக்காயைக் கள்ளக்கடத்தல் சாமான் மாதிரி வாங்கிக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

வெளிநாட்டுத் தம்பதி ஒரு அட்டைப் பெட்டி நிறையப் பாடப் புத்தகங்கள் அனுப்பியிருந்தார்கள். கணக்குப் பாடத்தில் அவர்கள் ஊர் நாணயம், இயற்கைப் பாடத்தில் பனிமனிதன், இலையுதிர் காலம். வாசலில் ஆகஸ்டு மாத வெயில் கொளுத்துகிறது, ஜெபராஜ் பனிக்கட்டியில் சறுக்குகிற பையனைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, இவன் ஏன் செருப்புல கத்தி கட்டியிருக்கான்?" என்று கேட்கிறான். ஒரு மாதத்தில் மெட்டில்டா அந்தப் பெட்டியைக் கட்டி மூலையில் வைத்துவிட்டு, நம் ஊர்ப் பாடப் புத்தகங்களைக் கடையில் வாங்கிவரும்படி என்னிடம் சொன்னாள். பெட்டி நல்ல உயரம். ஜெபராஜ் அதன்மேல் உட்கார்ந்து எழுதினான். தேவானந்தம் மட்டும் சபையில், அந்தப் புத்தகங்களின் ஆசீர்வாதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பிள்ளைகள் படித்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை. அவரைக் கொட்டையை ஈரத் துணியில் முளைக்க வைத்தாள். விமானப்படை நிலையத்திலிருந்து பயிற்சி விமானம் தலைக்குமேல் போகும்போது சத்தம் ஏன் பின்னால் வருகிறது என்று கேட்டுக் கேட்டு அவர்கள் வாயிலிருந்தே பதிலைப் பிடுங்கினாள். வென்டிலேட்டர் வழியாகத் தெரிகிற துண்டு வானத்தில் விமானத்தைப் பார்க்க ஜெபராஜ் மேஜைமேல் ஏறி நிற்பான். ஐந்தாறு மாதத்தில் பியூலா இரண்டு வகுப்புப் பாடத்தை முடித்துவிட்டாள். ஐம்பது பேருக்குப் போக வேண்டிய வித்தை இரண்டு பேருக்குப் போனால் வேறென்ன ஆகும்?

நவம்பரிலோ டிசம்பரிலோ, ஜெபராஜ் என்னிடம் ரகசியமாகச் சொன்னான். "அத்தை, அம்மா பாத்ரூம்ல கிளாஸ் எடுக்கறாங்க."

"என்னடா உளர்ற?"

"ஆமா அத்தை. குழாயத் திறந்து விட்டுட்டு உள்ள பேசறாங்க. 'லாஸ்ட் பெஞ்ச், என்ன அங்க சத்தம்'னு சொல்றாங்க."

அவன் சிரித்தான். நான் எழுந்து போய்ப் பின்கட்டில் நின்றுகொண்டேன். அழுகை எனக்கு லேசில் வராது. அன்று வந்தது.

அன்று மத்தியானம் அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். மழுப்பினாள். பிறகு சொன்னாள். "மூச்சு முட்டுது அண்ணி. பிள்ளைங்க மேல பாசம் இல்லாம இல்ல. ஆனா காலையில எழுந்ததும் சுவரு, ராத்திரி படுக்கிற வரைக்கும் அதே சுவரு. இவர் நல்லாதான் பாத்துக்கறார். கோபிக்கறதில்ல. அதனால என்ன சொல்லி அழறதுன்னே தெரியல."

"அவன்கிட்ட சொல்லேன்."

"சொன்னேன். 'உனக்காக ஜெபிக்கறேன்'னு சொன்னார். உண்மையாவே பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபிச்சார். அதுக்கப்புறம் என்ன பேசறது?"

இன்னொரு விஷயமும் அவளுக்கு மெல்லப் புரிய ஆரம்பித்திருந்தது. வருஷம் நல்லபடியாக முடிந்தால் வேலைக்குத் திரும்பலாம் என்பதுதானே பேச்சு? இப்போது தேவானந்தம் அதையே வேறு மாதிரி பேச ஆரம்பித்திருந்தான். "இவ்வளவு நல்லபடியா போகுதுன்னா, தொடர்ந்து செய்யணும்ங்கறதுதானே தேவ சித்தம்?" என்றான். சரி, மோசமாக முடிந்தால்? அதையும் நான் கேட்டுவைத்தேன். "அப்படின்னா நாம இன்னும் விசுவாசத்தோட அடுத்த வருஷம் முயற்சி பண்ணணும்" என்றான். பூ விழுந்தாலும் அவனுக்கு, தலை விழுந்தாலும் அவனுக்கு. அவன் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. அவனுக்கு அது ஏமாற்று என்றே தெரியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜனவரியில் மெட்டில்டா ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். பாடத்தை மோசமாக எடுப்பது என்று முடிவு செய்தாளாம். பிள்ளைகள் பின்தங்கினால் அவனே பயந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவான் என்ற நம்பிக்கை. பின்னக் கணக்கை முகம் கொடுக்காமல் ஒப்பித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஜெபராஜ் மேல் எண்ணோடு மேல் எண்ணையும், கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டிவைத்தான். "சரியாம்மா?" என்று கேட்டான். சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். நாக்கு எழும்பவில்லை. இட்லித் தட்டை எடுத்துவந்து வைத்துப் பாதி, கால், அரைக்கால் என்று அவனுக்குப் புரிகிறவரைக்கும் விடவில்லை. "என்னால முடியல அண்ணி. குழந்த தப்பா போட்டுட்டு நிக்கறப்போ பாத்துக்கிட்டு எப்படி இருக்கறது?" என்றாள். அவளுடைய சாமர்த்தியமே அவளுக்கு விலங்காகப் போயிற்று.

மார்ச் மாதக் கடைசியில் அவள் பள்ளித் தலைமையாசிரியையிடமிருந்து எனக்கு ஆபீசுக்கு போன் வந்தது. மெட்டில்டா வீட்டில் டெலிபோன் கிடையாது, அதனால் என் நம்பரைக் கொடுத்திருந்தாள். லீவை நீட்டிக்க முடியாது, ஜூனில் வேலையில் சேருவதாக ஏப்ரல் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். பியூலாவை அதே பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம், பையனுக்கும் பக்கத்துப் பள்ளியில் பரீட்சை வைத்து எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். நல்ல அம்மாள். "மெட்டில்டா இல்லாம எய்த் ஸ்டாண்டர்டு சயின்ஸ் வெறுமனே ஓடிட்டிருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிறே போய்ச் சொன்னேன், தம்பியும் கேட்கும்படி. "நீயே ஒரு கடுதாசி எழுதிப் போட்டுடு மெட்டில்டா" என்றேன். அவள் அவனைப் பார்த்தாள். அவன் சாந்தமாக, "வருஷக் கடைசிக் கூட்டம் முடியட்டும்க்கா. அன்னைக்கு கர்த்தர் பேசுவார்" என்றான். ஏப்ரல் மாதம் கடைசி ஞாயிறு, சபையில் இவர்கள் வீட்டுப் பள்ளிக்காகவே நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அன்று பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அதுதான் ஆண்டுப் பரீட்சை.

அவனுக்குத் தெரியாமல் கடுதாசி எழுத அவள் ஒப்பவில்லை. "அவருக்குத் தெரியாம ஒண்ணு செஞ்சா, அப்புறம் வேலைக்குப் போனாலும் எனக்கு நிம்மதி இருக்காது அண்ணி" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடாமல் ரயிலேறிவிட்டேன்.

கடைசி ஞாயிறு வந்தது. கத்திரி வெயில் தொடங்கவில்லை, ஆனால் ஹாலில் அடுப்புமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாய் விரித்து ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். ஞானையா கேள்வி கேட்டார். பியூலா ரத்த ஓட்டத்தைப் படம் போட்டு விளக்கினாள். ஜெபராஜ் பின்னக் கணக்கை வாயாலேயே போட்டான். வேதப்பாடத்தில் இருவரும் ஒரு தப்பில்லாமல் ஒப்பித்தார்கள். சபை பூரித்துப்போயிற்று. ஒவ்வொரு பதிலுக்கும் மெட்டில்டாவின் உதடு அவளை அறியாமல் கூடவே அசைந்தது. பிள்ளைகள் ஜெயிக்க ஜெயிக்க, அவள் முகம் பெருமையில் மலர்வதும் உடனே வாடுவதுமாக இருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தேவானந்தம் எழுந்து சாட்சி சொன்னான். வருஷத்தை நல்லபடியாக முடிக்கக் கர்த்தர் கிருபை செய்தார் என்றான். அட்டைப் பெட்டிப் புத்தகங்களைப் புகழ்ந்தான். அதோடு நிறுத்தினானா? சபையில் இன்னும் மூன்று குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் அனுப்ப விரும்புகிறார்கள், ஜூன் முதல் நம் வீட்டு முன்னறை எட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியாகும், மெட்டில்டா தன் வேலையையே காணிக்கையாக ஒப்புக்கொடுக்கிறாள் என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தேன். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

அந்தச் சபையில் பெண்கள் செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கம் செய்யக் கூடாது, சாட்சியும் ஆண்தான் குடும்பத்துக்காகச் சொல்லுவான். எழுந்து "அப்படி இல்லை" என்று சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. பெண்களுக்கு அனுமதி உள்ளது ஒன்றே ஒன்று, ஜெபம். ஞானையா வேதப் புத்தகத்தை மூடிவிட்டு, "சகோதரி மெட்டில்டா ஜெபத்தோட முடிப்பாங்க" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஜெபத்தில் கண்ணை மூடாதது என் பழைய கெட்ட பழக்கம். மெட்டில்டா எழுந்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

எங்கள் கூட்டங்களில் ஜெபம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒருவர் ஒரு வேண்டுதலைச் சொல்லி முடிக்கும்போது மற்றவர்கள் "ஆமென்" போடுவார்கள். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். என் தம்பியின் ஆமென் தனி. வாக்கியம் முடிவதற்கு முன்னாலேயே, கூரை அதிரும்படி விழும். சொல்கிறவருக்கு உற்சாகம் வரட்டும் என்று செய்வான்.

"கிருபையுள்ள ஆண்டவரே, இந்த வருஷம் முழுவதும் எங்களுக்கு ஆகாரமும் சுகமும் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கினாள் மெட்டில்டா. ஆமென், என்றது ஹால்.

"பிள்ளைகளுக்கு ஞானத்தையும் ஞாபக சக்தியையும் கொடுத்தீரே." ஆமென்.

"என் புருஷனுடைய பாரத்தை நீர் அறிந்திருக்கிறீர். அவர் எண்ணம் நல்லது என்று நான் அறிந்திருக்கிறேன்." ஆமென், என்றான் தேவானந்தம், கொஞ்சம் நெகிழ்ந்து.

அவள் நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது. அந்தக் குரலை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், அவள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று. கடைசி வரிசை வரைக்கும் எட்டியது.

"ஒரு வருஷம் என்று சொல்லித் தொடங்கினோம் ஆண்டவரே. அந்த ஒரு வருஷத்தை நல்லபடியாக முடிக்கப் பண்ணினீர்." ஆமென்.

"ஜூன் மாதம் பியூலாவையும் ஜெபராஜையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிற எங்களை வழிநடத்தும்."

"ஆமென்!" தேவானந்தத்தின் குரல்தான் முதலில் விழுந்தது. எல்லோரையும்விடப் பெரிதாக. மற்றவர்களும் அவன் பின்னாலேயே போட்டார்கள்.

"மறுபடியும் என் வேலைக்குத் திரும்புகிற எனக்குப் பெலன் தாரும். எனக்கு இந்த வீட்டுக்குள்ளே மூச்சு முட்டுகிறது ஆண்டவரே. நீர் மட்டும்தான் அதைக் கேட்கிறீர்."

இதற்கு ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. பெண்கள் பக்கத்தில், பின்னாலிருந்து ஒருத்தி மெதுவாக ஆமென் என்றாள். இன்னொருத்தி. பிறகு அந்தப் பக்கம் முழுவதும். நானும் சொன்னேன். வெகு வருஷத்துக்குப் பிறகு அர்த்தத்தோடு சொன்ன ஆமென் அது. ஆண்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். தேவானந்தம் வாயைத் திறந்துகொண்டு, தான் என்ன சொன்னோம் என்று தனக்குள்ளே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மெட்டில்டா மட்டும் கண்ணைத் திறக்காமல், முறையாக ஜெபத்தை முடித்து உட்கார்ந்தாள்.

தேவானந்தம் எழுந்தான். "ஐயா, நான் அத..." என்று இழுத்தான்.

ஞானையாவுக்கும் அந்த மூன்று குடும்பங்களுக்கும் இந்தப் பள்ளியில் ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டுப் பின்னால் ஓடுகிற மனுஷன் அல்ல அவர். "தம்பி, ஜெபத்துல ஆமென் சொல்லிட்டு அப்புறம் திருத்தம் கொண்டுவர்றதுக்கு இது கமிட்டி மீட்டிங் இல்ல. உக்காருங்க" என்றார். உட்கார்ந்தான்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் நெருக்கியடித்து நிற்க, நாங்கள் ஐவரும் ஓரமாக வெயிலில் நின்றோம். பிள்ளைகள் முன்னால், நான் நடுவில், அவர்கள் இருவரும் எனக்குப் பின்னால். நான் திரும்பிப் பார்க்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ சபையில வச்சு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் மெட்டில்டா. வீட்டுல என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னேங்க. அக்டோபர்ல சொன்னேன், கிறிஸ்மஸுக்குச் சொன்னேன், போன வாரம் சொன்னேன்."

"நான் அதுக்காக ஜெபம் பண்ணினேனே."

"நீங்க ஜெபம் பண்ணினீங்க. நான் சொன்னத கேக்கல."

ரயில் வந்தது. அதன் சத்தம் அடங்கியதும், "இன்னைக்கும் கேக்கலதான். பழக்கத்துல சொல்லிட்டேன்" என்றான். என் தம்பி நல்லவன் என்றேனே, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்றைக்கும் அப்படிச் சொல்கிறேன். வேறொருவனாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன் என்று பெருந்தன்மை காட்டியிருப்பான், இல்லாவிட்டால் நான் சொல்லவே இல்லை என்று சாதித்திருப்பான்.

அவள் அழுகிறாள் என்று மூச்சு வாங்குவதில் தெரிந்தது. கேட்டைத் தூக்கினார்கள். கூட்டம் மணியடித்துக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு முன்னே நகர்ந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். தேவானந்தம் நகரவில்லை. பின்னால் வந்த சைக்கிள்காரன், "யோவ், வழிய வுடுய்யா" என்று கத்தினான்.

"ஸ்கூல் எப்போ தெறக்கறாங்க?" என்றான் தேவானந்தம்.

அந்தத் தேதியைத் தலைமையாசிரியை சொல்லி, நான் சொல்லி, ஒரு மாதமாக மெட்டில்டா தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். உதட்டைத் திறந்தாள், மூடினாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜூன் அஞ்சாம் தேதி அப்பா" என்றாள் பியூலா, முன்னாலிருந்து, திரும்பிப் பார்க்காமலே.